வீட்டுத் தொட்டியில் 'விஷ மீன்': குத்துமா, தின்றால் கொல்லுமா, தண்ணீரைக் கெடுக்குமா? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கட்டைவிரல் அளவு. எலுமிச்சை மஞ்சள் நிறம், அதில் கறுப்புப் புள்ளிகள். சின்னப் பெட்டிக்குச் செதில் முளைத்த மாதிரி ஒரு உருவம். கடல் மீன் விற்கும் கடைகளில் பிள்ளைகள் முதலில் விரலை நீட்டிக் காட்டுவது பெரும்பாலும் இந்தப் 'பெட்டி மீனை'த்தான். "அப்பா, இதை வாங்கலாம்பா" என்பார்கள். அது மிரண்டுபோனால் உடம்பிலிருந்து ஒரு நச்சைக் கசியவிடும். ஒரு சின்னத் தொட்டியில் உள்ள மற்ற மீன்களை மட்டுமல்ல, தன்னையே கொன்றுகொள்ளவும் அந்த நச்சு போதும். இதைக் கடையில் எல்லாரும் சொல்வதில்லை.

நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலண்டோக், லுக்குட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருப்பவர்களுக்குக் கடல் தூரமில்லை. போர்ட்டிக்சன் கடற்கரை இருப்பது இதே மாவட்டத்தில்தான். வார இறுதியில் தூண்டில் போடப் போகிறவர்கள், வித்தியாசமான மீன் சிக்கினால் வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவதும் உண்டு. உப்புநீர்த் தொட்டி வைப்பது முன்பு போல வசதியானவர்களின் பொழுதுபோக்காக மட்டும் இல்லை.

அப்படியானால் விஷமுள்ள மீனை வீட்டில் வளர்க்கலாமா? சிலவற்றை வளர்க்கலாம், சிலவற்றை வளர்க்கவே கூடாது. அந்த மீனின் விஷம் எந்த வழியாக வெளியே வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் எது எந்த வகை என்று சொல்ல முடியும்.

'விஷ மீன்' என்பது ஒரு வகை அல்ல, மூன்று வகை

நாம் எல்லாவற்றையும் 'விஷ மீன்' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் தொட்டியில் வளரும் மீன்களின் விஷம் மூன்று வெவ்வேறு வழிகளில் வேலை செய்கிறது.

முதலாவது, முள்ளில் விஷம் உள்ள மீன். குத்தினால்தான் ஆபத்து. லயன்ஃபிஷ் எனப்படும் சிங்க மீன், கல் மீன், கடல் கெளுத்தி ஆகியவை இந்த வகை.

இரண்டாவது, உடம்புக்குள் விஷம் உள்ள மீன். தின்றால்தான் ஆபத்து. மலாயில் 'இக்கான் புந்தால்' என்றும், தமிழ்நாட்டுக் கடற்கரைகளில் 'பேத்தை' என்றும் சொல்லப்படும் ஊதும் மீன் இந்த வகை.

மூன்றாவது, தோலிலிருந்து தண்ணீரில் நச்சைக் கசியவிடும் மீன். இதில் ஆபத்து தொட்டியில் இருக்கும் மற்ற மீன்களுக்கு. பெட்டி மீனும், தலையில் இரண்டு கொம்பு வைத்த மாதிரி இருக்கும் 'கௌஃபிஷ்' மீனும் இந்த வகை.

மூன்றுக்கும் ஒரே எச்சரிக்கை பொருந்தாது. சிங்க மீன் இருக்கும் தொட்டியில் கையை விடக்கூடாது. பேத்தையைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகக்கூடாது. பெட்டி மீனை மிரட்டக்கூடாது. இதை மாற்றிப் புரிந்துகொண்டால், பயப்பட வேண்டாத இடத்தில் பயந்துகொண்டு, கவனமாக இருக்க வேண்டிய இடத்தில் அசட்டையாக இருந்துவிடுவோம்.

வழி தெரியாவிட்டால் என்ன ஆகும்? இந்த ஊருக்கே தெரிந்த பாடம்

ஆபத்து எந்த வழியில் வருகிறது என்று தெரியாமல் போனால் என்ன நடக்கும் என்பதை புக்கிட் பெலண்டோக் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1998-ன் பிற்பகுதியில் ஈப்போ பக்கம் தொடங்கிய மூளைக்காய்ச்சல், சில மாதங்களில் இந்தப் பகுதிக்கும் பரவியது. முதலில் அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. கொசுமருந்து புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை.

1999 மார்ச் மாதத்தில்தான் அது முற்றிலும் புதிய ஒரு வைரஸ் என்று மலாயா பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டது. நோய்வாய்ப்பட்ட பன்றிகளோடு நெருங்கிப் பழகியதால் அது மனிதர்களுக்குத் தொற்றியது. இங்குள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அதற்கு 'நிப்பா' என்று பெயர் வந்தது. நாடு முழுவதும் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. எந்த வழியாகப் பரவுகிறது என்பது தெரிந்த பிறகுதான் எதைத் தடுக்க வேண்டும் என்பதும் தெரிந்தது.

மீன் தொட்டி விஷயம் அந்த அளவுக்குப் பெரியதல்ல. மீன் விஷம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. ஆனாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது எந்த வழியாக நம்மை வந்து சேரும்?

குத்தும் மீன்: சிங்க மீனும் அதன் உறவுகளும்

விஷ மீன்களில் வீட்டுத் தொட்டிகளில் அதிகம் வளர்க்கப்படுவது சிங்க மீன்தான். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட உடம்பு, விசிறி மாதிரி விரிந்த துடுப்புகள். மலாயில் 'லெப்பு' என்ற பெயரில் சொல்லப்படும் முள் மீன்களின் சொந்தம் இது. முதுகில் 13, வயிற்றுப் பக்கம் 2, வாலுக்கு முன்னால் அடிப்பகுதியில் 3 என மொத்தம் 18 விஷ முட்கள் இதற்கு உண்டு. பார்த்தாலே மிரட்டுகிற அந்தப் பெரிய பக்கவாட்டுத் துடுப்புகளில் விஷம் கிடையாது.

சிங்க மீன் துரத்தி வந்து குத்தும் மீன் அல்ல. தொட்டியைச் சுத்தம் செய்யும்போது, கல்லை நகர்த்தும்போது, மீன் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்காமல் கையை விடுவதால்தான் பெரும்பாலும் விபத்து நடக்கிறது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதி விஷத் தகவல் மையம் 5 ஆண்டுகளில் கையாண்ட இந்தக் குடும்ப மீன் குத்துகள் பற்றிய ஆய்வு 1985-ல் வெளியானது. மொத்தம் 51 பேர், அதில் 45 பேரைக் குத்தியது சிங்க மீன். கடலில் இறங்காமலேயே, வீட்டு வரவேற்பறையில் குத்து வாங்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி.

குத்தினால் உடனே கடுமையான வலி, வீக்கம். சிலருக்குக் குமட்டலும் மயக்கமும் வரும். ஆரோக்கியமான பெரியவர் உயிரிழப்பது மிகவும் அரிது. சின்னப் பிள்ளைகள், இதய நோய் உள்ளவர்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் விஷயத்தில் அலட்சியம் கூடாது.

இதே குடும்பத்தில் கல் மீனும் இருக்கிறது. கல் மாதிரியே கிடக்கும், கண்டுபிடிக்கவே முடியாது. உலகிலேயே மிகக் கொடிய முள் விஷம் உள்ள மீன்களில் ஒன்று இது. அதற்கென்று ஆஸ்திரேலியாவில் தனி விஷமுறிவு மருந்தே தயாரிக்கிறார்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கல் மீனை வளர்ப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

நமக்குப் பழக்கமான மீன்களிலும் இந்த வகை உண்டு. சீனப் புத்தாண்டுக் காலத்தில் விலை ஏறும் 'டெங்கிஸ்' மீனுக்கும், குழம்பு வைக்கிற 'செம்பிலாங்' கெளுத்திக்கும் முள்ளில் விஷம் இருக்கிறது. ஆனாலும் சமைத்துச் சாப்பிடுகிறோம், ஒன்றும் ஆவதில்லை. அந்த விஷம் புரதத்தால் ஆனது, சூடு பட்டால் சிதைந்துவிடும், முள்ளில் மட்டும்தான் இருக்கும். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட கடல் கெளுத்திக் குஞ்சுகளும், 'ஃபாக்ஸ்ஃபேஸ்' என்ற மஞ்சள் மீனும் தொட்டிக்காக விற்கப்படுகின்றன. கெளுத்தி செம்பிலாங்கின் சொந்தம், ஃபாக்ஸ்ஃபேஸ் டெங்கிஸின் சொந்தம். அழகாக இருக்கிறதே என்று வெறும் கையால் பிடிக்காதீர்கள்.

தின்றால் கொல்லும் மீன்: பேத்தை

ஊதிப் பந்து மாதிரி ஆகும் பேத்தையைத் தொட்டியில் வைத்துப் பார்ப்பதால் ஆபத்தில்லை. உணவு போடுபவரை அடையாளம் கண்டு, கண்ணாடிக்குப் பக்கத்தில் நாய்க்குட்டி போல வந்து நிற்கும். கவனிக்க வேண்டியது அதன் பல்லை. நத்தை ஓட்டையே உடைக்கிற பல் அது, விரலை விடாதீர்கள்.

ஆபத்து அதன் ஈரல், முட்டை, குடல், தோல் ஆகியவற்றில் இருக்கிறது. சில வகைகளில் சதையிலும் உண்டு. டெட்ரோடோடாக்சின் எனப்படும் இந்த நச்சு, நரம்பிலிருந்து தசைக்குப் போகும் சமிக்ஞையை நிறுத்திவிடுகிறது. முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும். பிறகு கைகால் தளரும். கடைசியில் மூச்சு விடும் தசையும் நின்றுபோகும். பாதிக்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் நினைவு இருக்கும், ஆனால் அசைய முடியாது. இதற்கு முறிவு மருந்து இல்லை. சிங்க மீன் விஷம் போல இது சூட்டில் அழியாது. எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும் நச்சு அப்படியேதான் இருக்கும்.

2023 மார்ச் மாதம் ஜொகூர், குளுவாங்கில் நடந்தது பலருக்கு நினைவிருக்கலாம். வாங்கிவந்த புந்தால் மீனைச் சமைத்துச் சாப்பிட்ட 83 வயது மூதாட்டி அன்றே இறந்தார். கோமாவில் இருந்த அவருடைய 84 வயது கணவர் சில நாட்களில் உயிரிழந்தார். 1985 முதல் 2023 வரை நாட்டில் புந்தால் மீன் சாப்பிட்டதால் 58 நச்சுணவுச் சம்பவங்களும் 18 மரணங்களும் பதிவாகியிருப்பதாக அப்போது ஜொகூர் மாநில சுகாதார ஆட்சிக்குழு உறுப்பினராக இருந்த லிங் தியான் சூன் தெரிவித்தார். நச்சுள்ள மீனை உணவாக விற்பது மலேசியச் சட்டப்படி குற்றம். 10,000 ரிங்கிட் வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ விதிக்கப்படலாம்.

"தொட்டியில வளர்ந்த மீனுக்கு விஷம் இருக்காதுன்னு சொல்றாங்களே?" என்று சிலர் கேட்பது உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. பேத்தை இந்த நச்சைத் தானே உண்டாக்குவதில்லை. கடலில் சில பாக்டீரியாக்கள் உண்டாக்கும் நச்சு, அது தின்னும் இரை வழியாக உடம்பில் சேர்கிறது. பிறந்ததிலிருந்து கட்டுப்படுத்தப்பட்ட தீனியில் வளர்க்கப்படும் பேத்தையில் நச்சு இல்லாமல் போகலாம் என்று ஜப்பானில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் கடையில் விற்கும் கடல் பேத்தைகள் பெரும்பாலும் கடலில் பிடிக்கப்பட்டவை. எத்தனை வருஷம் வளர்த்திருந்தாலும் அதைச் சாப்பிடலாம் என்று நினைக்கவே கூடாது.

தோட்டத்து வீடுகளில் இன்னொரு விஷயமும் உண்டு. தொட்டியில் மீன் செத்தால் தூக்கிக் கொல்லைப்புறத்தில் போடுகிறோம். அங்கே கோழி இருக்கும், பூனை இருக்கும், நாய் இருக்கும். செத்த பேத்தையை அவை தின்றால் அவையும் சாகும். பையில் போட்டு இறுகக் கட்டிக் குப்பையில் சேருங்கள், அல்லது ஆழமாகப் புதைத்துவிடுங்கள். சிங்க மீன் செத்தாலும் வெறும் கையால் எடுக்காதீர்கள். மீன் சாவதோடு முள்ளின் விஷம் போய்விடுவதில்லை.

தண்ணீரைக் கெடுக்கும் மீன்: பெட்டி மீன்

மூன்றாவது வகையில் பறிபோவது பெரும்பாலும் நம் உயிரல்ல, தொட்டியின் உயிர். பெட்டி மீனின் தோலில் ஒரு வழவழப்பான கசிவு உண்டு. மிரளும்போதும், காயப்படும்போதும், நோய்வாய்ப்படும்போதும் அதில் நச்சு வெளிவரும். ஹவாய் கடலின் பெட்டி மீன் ஒன்றில் இது இருப்பதை விவரித்து 1964-ல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வெளியானது. பிறகு அங்கே அந்த மீனின் பெயரை ஒட்டி இதற்குப் 'பஹுடாக்சின்' என்று பெயர் வைத்தார்கள். வேதியியல் அமைப்பில் கிட்டத்தட்ட சோப்பு மாதிரியான பொருள் இது. மற்ற மீன்களின் செவுள்களைத் தாக்கும், ரத்த அணுக்களை உடைக்கும்.

கடலில் இது நல்ல தற்காப்பு. கடித்த பெரிய மீன் துப்பிவிட்டுப் போய்விடும், கசிந்த நச்சு கடல்நீரில் கரைந்து காணாமல் போகும். 200 லிட்டர் தொட்டியில் கரைந்து போக இடம் இல்லை. அதே தண்ணீர்தான் திரும்பத் திரும்ப எல்லா மீனின் செவுள் வழியாகவும் போகிறது, பெட்டி மீனின் செவுள் வழியாகவும்தான்.

இது அடிக்கடி நடக்கிற விஷயமும் இல்லை. நல்ல பராமரிப்பில் பெட்டி மீனை வருடக்கணக்கில் வளர்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது மிரளும் காரணங்கள் சாதாரணமானவை: கடையிலிருந்து கொண்டுவரும் பயணம், வலையால் துரத்துவது, உடம்பைக் கொத்தும் மற்ற மீன்கள், கண்ணாடியைத் தட்டும் பிள்ளைகள், மின்சாரம் போய் பம்ப் நிற்பது. இன்னொன்று, கடையில் கட்டைவிரல் அளவில் இருப்பது அப்படியே இருக்காது. கொம்பு வைத்த கௌஃபிஷ் 40 சென்டிமீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. வரவேற்பறை மூலையில் வைக்கிற தொட்டி அதற்குப் போதாது.

சரி, அப்படின்னா வாங்கவே கூடாதா?

வாங்கும் முன் இந்தக் கேள்விகளுக்கு உங்களிடம் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

• இந்த மீனின் விஷம் எங்கே இருக்கிறது: முள்ளிலா, உடம்பிலா, தோலிலா? கடைக்காரரால் சொல்ல முடியவில்லை என்றால் பெயரைக் குறித்துக்கொண்டு வந்து, நீங்களே தெரிந்துகொண்ட பிறகு வாங்குங்கள்.

• முழு வளர்ச்சியில் எவ்வளவு பெரிதாகும்? தொட்டியை அந்த அளவுக்குப் போடுங்கள், இன்றைய அளவுக்கு அல்ல.

• தொட்டி பழகிவிட்டதா? புதுத் தொட்டியில் மீன் கழிவின் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்கு முன் எந்தக் கடல் மீனை விட்டாலும் அது தவிக்கும். தவிக்கும் பெட்டி மீன் என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம்.

• வெயிலை எப்படிச் சமாளிப்பீர்கள்? தொட்டிக் கடல் மீன்களுக்குச் சுமார் 24 முதல் 27 டிகிரி வெப்பம் வேண்டும். தகரக் கூரை வீட்டில் மத்தியான வேளையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். குளிரூட்டும் கருவியின் விலையையும் மின்கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள்.

• கூட எந்த மீன் இருக்கும்? சிங்க மீன் தன் வாயில் நுழைகிற எதையும் விழுங்கும். பெட்டி மீனோ மெதுவாகத் தின்னும், வேகமான மீன்களோடு போட்டியிட முடியாமல் பட்டினி கிடக்கும்.

• வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா? இருந்தால் மூடியும் பூட்டும் இல்லாத தொட்டியில் குத்தும் மீன் வேண்டாம்.

வாங்கிவிட்டீர்கள் என்றால் சில பழக்கங்கள் அவசியம். பை தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், வழியில் மீன் மிரண்டு கசியவிட்ட நச்சு அதில்தான் இருக்கும். இந்த மூன்று வகை மீன்களையும் வலையால் பிடிக்க வேண்டாம். வலையில் சிங்க மீனின் முள் மாட்டும், பேத்தை காற்றை விழுங்கிவிடும், பெட்டி மீன் மிரளும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் விட்டு, மீனைத் தண்ணீரோடு சேர்த்து அள்ளுவதே பாதுகாப்பு. கையை விடும் முன் மீன் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். தெரியவில்லை என்றால் கையை விடாதீர்கள்.

விபத்து நடந்துவிட்டால்?

மீன் குத்தினால்: மோதிரத்தைக் கழற்றுங்கள். காயத்தைக் கழுவி, பொறுக்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வரை அமிழ்த்தி வையுங்கள். குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, அதனால் இன்னொரு கையால் சோதித்துப் பாருங்கள், இல்லாவிட்டால் தோல் வெந்துவிடும். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, ஐஸ் வைப்பது வேண்டாம். வலி குறைந்தாலும் கிளினிக்குக்குப் போங்கள், முள் உள்ளே உடைந்திருக்கலாம், டெட்டனஸ் ஊசி தேவைப்படலாம். மூச்சுத்திணறல், மயக்கம், நெஞ்சுவலி இருந்தால் உடனே 999.

பேத்தையைச் சாப்பிட்டுவிட்டால்: உதடு மரத்துப்போகும் வரை காத்திருக்காதீர்கள். புளித்தண்ணீர், மோர், இளநீர் என்று வீட்டு வைத்தியத்தில் நேரத்தைப் போக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். செயற்கைச் சுவாசம் கொடுத்து, நச்சு உடலிலிருந்து வெளியேறும் வரை தாங்கிப்பிடிப்பதுதான் சிகிச்சை. முதல் 24 மணி நேரத்தைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார்கள். மிச்சமிருக்கும் மீனை, அல்லது அதன் படத்தை, கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர்களுக்கு ஆலோசனை தர பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய விஷ மையம் இயங்குகிறது. மீனின் பெயர் தெரிந்தால் அவர்கள் வேலை சுலபமாகும்.

பெட்டி மீன் நச்சைக் கசியவிட்டால்: மீன்கள் திடீரென மேல்மட்டத்துக்கு வந்து மூச்சு வாங்கும், நிலை தடுமாறும். உயிரோடு இருப்பவற்றை, பெட்டி மீனையும் சேர்த்து, முன்பே தயாராக வைத்த வேறு உப்புநீருக்கு மாற்றுங்கள். தண்ணீரின் பெரும்பகுதியை மாற்றி, வடிகட்டியில் புதிய ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். காப்பாற்ற முடியும் என்ற உறுதி கிடையாது. அதனால்தான் பெட்டி மீன் வளர்ப்பவர்கள் எப்போதும் ஒரு தொட்டித் தண்ணீரைக் கலந்து தயாராக வைத்திருக்க வேண்டும்.

வளர்க்க முடியாமல் போனால்?

"பாவம், கடல்லயே விட்டுடலாம்" என்று போர்ட்டிக்சனுக்கு எடுத்துப் போக வேண்டாம். தொட்டியில் இருந்த மீன், அங்கே பிடித்த நோயையும் கடலுக்குக் கொண்டுபோகும். வேறு கடலிலிருந்து வந்த இனமாக இருந்தால் இன்னும் மோசம். நம் பக்கத்துக் கடல்களைச் சேர்ந்த சிங்க மீன் 1985-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கடலில் முதன்முதலில் தென்பட்டது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டவைதான் காரணம் என்று கருதப்படுகிறது. இன்று அது கரீபியன் முழுக்கப் பரவி, பிரேசில் வரை போய், உள்ளூர் மீன்களின் குஞ்சுகளைத் தின்று தீர்க்கிறது. கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது அனுபவமுள்ள வளர்ப்பாளர் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

தூண்டிலில் சிக்கிய புந்தாலைப் பிள்ளைகள் ஊதவிட்டு விளையாடுவதற்காக வாளியில் வீட்டுக்குக் கொண்டுவரவும் வேண்டாம். விளையாட்டு முடிந்த பிறகு, அது என்ன மீன் என்று தெரியாத யாராவது ஒருவர் அதைக் கழுவிச் சட்டியில் போட்டுவிட முடியும்.

மீனை வாங்கியவருக்கு மட்டும் விஷயம் தெரிந்தால் போதாது. பகலில் வீட்டில் இருக்கும் பாட்டிக்கும், தீனி போடும் பிள்ளைக்கும், நீங்கள் ஊருக்குப் போகும்போது தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் தெரிய வேண்டும். மீனின் பெயர், விஷம் இருக்கும் இடம், முதலில் செய்ய வேண்டியது என்று மூன்று வரி எழுதித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.